செருப்பு சேரும், கொலுசு சேராது

பெருத்த காலைப் பார்த்தால் யானைக்கால் என்கிறார்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டு உடம்பு என்கிறார்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தெரியாமலே பல பெண்களுக்குப் பாதி ஆயுள் கழிந்துவிடுகிறது.

சத்தியவேட்டிலிருந்து தெற்கே ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் சுமார் 70 கி.மீ. தூரத்தில் சென்னை. மேற்கே நாகலாபுரம், புத்தூர் வழியாகப் போனால் ஏறக்குறைய அதே தூரத்தில் திருப்பதி. பெரிய வியாதி என்று வந்துவிட்டால் இந்த எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இரண்டே வழி. ஒன்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி, மற்றது 1993-ல் திருப்பதியில் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் அல்லது அங்குள்ள ருயா அரசு மருத்துவமனை. வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு என்று பழகிப்போன மக்களுக்கு எந்தப் பக்கம் போவதும் ஒன்றுதான்.

பருத்துக் கனத்த கால்களோடு போகும் பெண்ணுக்கு மட்டும் இரண்டு ஊரிலும் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும். முதலில் யானைக்கால் நோயா என்று பார்ப்பார்கள். இல்லை என்று தெரிந்ததும், "சாப்பாட்டைக் குறை, நட" என்று அனுப்பிவைப்பார்கள். அவள் சாப்பாட்டைக் குறைப்பாள். முகம் வற்றும், தோள் எலும்பு தெரியும், இடுப்பு சிறுக்கும். கால் மட்டும் அப்படியே இருக்கும். "வீட்டில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள்" என்ற பேச்சு மட்டும் கூடுதலாகச் சேரும்.

அந்தக் காலுக்கு மருத்துவப் புத்தகத்தில் 1940 முதல் ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு டாக்டர்கள் அதற்கு 'லிப்பெடீமா' என்று பெயரிட்டார்கள். கொழுப்பு வீக்கம் என்று தமிழில் சொல்லலாம். 1951-ல் அதே குழுவினர் 119 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதில் சொல்லப்பட்ட அடையாளங்கள் இன்றைக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்துகின்றன. ஆனாலும் பெயர் புத்தகத்தோடு நின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் லிப்பெடீமாவுக்குத் தனி இடம் கிடைத்தது, 2019-ல் ஏற்கப்பட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பில்தான்.

கொலுசு சொல்லும் சேதி

இந்த நோய் வருவது ஏறக்குறைய முழுக்கப் பெண்களுக்கே. பூப்படையும் வயதில், கர்ப்ப காலத்தில், மாதவிலக்கு நிற்கும் காலத்தில் என்று ஹார்மோன்கள் மாறும் சமயங்களில் தலைகாட்டுகிறது அல்லது தீவிரமடைகிறது. ஒரே குடும்பத்தில் பாட்டி, அம்மா, பெண் என்று தொடர்வதும் உண்டு. "எங்கள் வீட்டுப் பெண்களுக்கே கால் இப்படித்தான்" என்று குடும்பங்கள் இதை ஜாடையாகவே ஏற்றுக்கொண்டுவிடுகின்றன.

இடுப்புக்குக் கீழே தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று இரு பக்கமும் ஒரே மாதிரி கொழுப்பு சேரும். சிலருக்கு மேல்கைகளிலும் சேரும். கணுக்காலில், சரியாகக் கொலுசு கிடக்கும் இடத்தில், வெட்டினாற்போல் நின்றுவிடும். அதற்குக் கீழே பாதம் மெலிந்து, சாதாரணமாக இருக்கும். வருடங்கள் போனாலும் செருப்பின் அளவு மாறுவதில்லை. கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு மட்டும் சேருவதில்லை.

இந்தக் கொழுப்பு வலிக்கும் என்பதுதான் முக்கியமான வித்தியாசம். சாதாரணக் கொழுப்பைக் கிள்ளினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. லிப்பெடீமா காலில் குழந்தை ஏறி உட்கார்ந்தாலே வலி. கட்டில் முனை லேசாக இடித்தாலும் ரத்தம் கன்றி நீலம் பாரித்துவிடும். மாலையில் கால் கல்லாகக் கனக்கும். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரித் தண்டனை.

யானைக்கால் நோயின் கதை வேறு. க்யூலெக்ஸ் கொசு கடித்து உடலுக்குள் போகும் நூல் போன்ற புழு, நிணநீர்க் குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுக்கிறது. வடிய வேண்டிய நீர் வடியாமல் தேங்குகிறது. மனித ரத்தத்தில் இந்தப் புழுவின் குஞ்சுகளை 1872-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்தவர் டிமதி லூயிஸ் என்ற ராணுவ டாக்டர். குஞ்சுகள் ரத்தத்தில் நடமாடுவது இரவு நேரத்தில் என்பதால்தான் சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுப்பது வழக்கமானது. இந்த வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில்தான் தொடங்கும். இரண்டிலும் வந்தாலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பாதமும் விரல்களும் சேர்ந்து வீங்கும். முதலில் சேராமல் போவது செருப்பு. அடிக்கடி குளிர் காய்ச்சல் வரும். நாளாக ஆகத் தோல் தடித்துச் சொரசொரப்பாகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்கேன் தேவையில்லாத எளிய சோதனை ஒன்று உண்டு. காலின் இரண்டாவது விரலின் அடிப்பகுதியில் மேல் தோலைக் கிள்ளித் தூக்க வேண்டும். தூக்க வந்தால் அநேகமாக நிணநீர் வீக்கம் இல்லை. தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் நிணநீர் வீக்கம். 1976-ல் இதை விவரித்தவரின் பெயரால் 'ஸ்டெம்மர் அடையாளம்' என்று அழைக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம், செலவும் இல்லை. ஆரம்ப கட்டத்தில் இது ஏமாற்றக்கூடும் என்பதால் டாக்டர்கள் இதை மட்டும் நம்புவதில்லை. லிப்பெடீமா முற்றினால் அதோடு நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்வதுண்டு.

பெயர் மாறினால்

பெயரைச் சரியாகச் சொல்வதில் என்ன இருக்கிறது என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரிலிருந்து இமான் அகமது என்ற பெண் தனி விமானத்தில் மும்பை சைஃபி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். எடை சுமார் 500 கிலோ என்று குடும்பத்தினர் சொன்னார்கள். சிறு வயதில் அவருக்கு யானைக்கால் நோய் என்று டாக்டர்கள் சொன்னதாகவும் குடும்பம் தெரிவித்தது. மும்பையின் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர் முஃபசல் லக்டாவாலா மருத்துவக் குறிப்புகளையும் படங்களையும் பார்த்துவிட்டு, இது யானைக்கால் இல்லை, அளவுக்கு மீறிய பருமனால் வந்த நிணநீர் வீக்கம் என்று கருதினார். பல வருடங்களாகப் படுக்கையிலேயே கிடந்த அந்தப் பெண், சிகிச்சைக்குப் பிறகு அபுதாபிக்கு மாற்றப்பட்டு அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அவருடைய நோய் லிப்பெடீமா இல்லை. ஆனால் பெருத்த கால் என்றதும் கைக்கு எட்டும் பெயரைச் சூட்டிவிடும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு என்பதற்கு அவர் கதை சாட்சி.

சத்தியவேட்டில் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. இரு கால்களிலும் யானைக்கால் நோய் முற்றியவர்களுக்கு ஆந்திர அரசு மாத ஓய்வூதியம் தருகிறது. எல்லை தாண்டித் தமிழகத்திலும் முற்றிய நோயாளிகளுக்கு மாத உதவித்தொகை உண்டு. அரசு ஏட்டில் பெயர் இருப்பதால் வந்த வசதி இது. லிப்பெடீமாவுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. அதே கனம், அதே வலியோடு நடக்கும் பெண் கணக்கில் வெறும் 'குண்டுப் பெண்'தான்.

குண்டாக இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவும் இல்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் நூற்றுக்கு 24 பெண்கள் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். ஆந்திரத்தில் இது 36.3, தமிழகத்தில் 40.4. பத்தில் நான்கு பேர் பருமனாக இருக்கும் இடத்தில், ஒருத்தியின் கால் மட்டும் வேறு காரணத்தால் பருத்திருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? பருமனும் லிப்பெடீமாவும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது சகஜம் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு உடம்பெல்லாம் வற்றிய பிறகும் கால் அப்படியே நிற்பதைப் பார்த்துத்தான் சிலருக்கு நோயே அடையாளம் தெரிகிறது.

எடை குறைந்தது, தோல் குறையவில்லை

இளைத்தவர்களின் பிரச்னைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. லிப்பெடீமா இல்லாதவர்களையும் அது விடுவதில்லை.

120 கிலோ இருந்தவர் 70 கிலோ ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்த கொழுப்பு கரைந்துவிட்டது. அதை மூடியிருந்த தோல் எங்கே போகும்? வருடக்கணக்கில் இழுபட்ட தோலில் சுருங்கும் சக்தி மிச்சமிருப்பதில்லை. அடிவயிற்றில் முன்றானை போல மடிந்து தொங்குகிறது. மேல்கையில் பை போல ஆடுகிறது. தொடைகள் உரசிப் புண்ணாகின்றன. 40 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் அந்த மடிப்புகளுக்குள் வியர்வை தேங்கிப் படையும் சிரங்கும் நாற்றமும் வருகின்றன. பாவாடை நாடா எங்கே கட்டினாலும் அறுக்கிறது. கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தவர், கண்ணாடியில் பார்த்தால் முன்னைவிட வயதானவராகத் தெரிகிறார்.

இத்தகையவர்களின் எண்ணிக்கை இனி பெருகும். எடைக் குறைப்பு ஆபரேஷன் வசதியுள்ளவர்களுக்குப் பழகிய விஷயமாகிவிட்டது. நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜேட்லி 2014-லும் செய்துகொண்டது செய்தியாக வந்தது. 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று பசியைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. எந்த வழியில் இளைத்தாலும் தோலின் கணக்கு ஒன்றுதான்.

இதற்கான ஆபரேஷன்களை உடல் வடிவச் சீரமைப்பு என்று மொத்தமாகச் சொல்கிறார்கள். தொங்கும் வயிற்றுத் தோலை இடுப்புக்குக் கீழே நீளமாக வெட்டி எடுத்து, தளர்ந்த தசைகளை இழுத்துத் தைப்பது ஒன்று. இடுப்பைச் சுற்றி வளையமாக வெட்டிப் பின்புறத்தையும் தொடையையும் தூக்கிக் கட்டுவது இன்னொன்று. மேல்கை, மார்பு, உள்தொடை என்று தனித்தனியாகவும் செய்வார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதில்லை. பல மாத இடைவெளி விட்டு, இரண்டு மூன்று கட்டங்களாகச் செய்வதே வழக்கம்.

அவசரப்படவும் கூடாது. எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆக வேண்டும். எடை சில மாதங்களாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரைப்பையைச் சிறிதாக்கியவர்களுக்குப் புரதமும் இரும்புச் சத்தும் பி-12 வைட்டமினும் குறைவாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் கத்தி வைத்தால் காயம் ஆறாது. புகைப்பவர்களுக்கு ஆறுவது இன்னும் கடினம். குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் அதன் பிறகு வயிற்றுத் தோலைச் சரிசெய்துகொள்வதே நல்லது. தையலுக்கு அடியில் நீர் கோர்ப்பது, தையல் பிரிவது, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகிய ஆபத்துகளும் உண்டு. தொங்கும் தோல் போகும், நீளமான தழும்பு நிரந்தரமாக இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத சர்ஜனிடம் போகாமலிருப்பது உத்தமம்.

லிப்பெடீமாவுக்கு முதல் மருந்து கத்தி இல்லை. அளவெடுத்துத் தைத்த இறுக்கக் காலுறை, நிணநீரை மெல்லத் தள்ளிவிடும் பயிற்சி பெற்ற கையின் நீவல், தண்ணீரில் நின்று செய்யும் உடற்பயிற்சி, எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை வலியையும் கனத்தையும் குறைக்கும், ஆனால் சேர்ந்த கொழுப்பைக் கரைக்காது. சென்னையின் புழுக்கத்தில், சேலைக்குள் இறுக்கக் காலுறையோடு நாள் முழுக்க இருப்பது எத்தனை சிரமம் என்பதைப் போட்டவர்களே அறிவார்கள். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு, நோயுற்ற கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் இருக்கிறது. உப்பு நீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து கொழுப்புக்குள் நிறையச் செலுத்தி, ரத்தப்போக்கு குறைவாக உறிஞ்சும் முறையை 1987-ல் கலிபோர்னியாவின் தோல் நோய் டாக்டர் ஜெஃப்ரி க்ளைன் வெளியிட்டார். அதன் பிறகே நிணநீர்க் குழாய்களை அதிகம் சேதப்படுத்தாமல் கால் கொழுப்பை எடுப்பது சாத்தியமாயிற்று.

அழகா, நோயா?

இங்கேதான் பணத்தின் கேள்வி எழுகிறது. லைப்போசக்ஷன் என்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நினைவு வருவது சினிமா நடிகை.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில், மருத்துவ பாலிசிகளில் எதையெல்லாம் விலக்கலாம் என்பதற்குப் பொதுவான வாசகங்களை வகுத்தது. அதன்படி உடல் பருமன் குறியீட்டெண் 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து சர்க்கரை, இதயநோய் போன்ற கடும் சிக்கல்களும் இருந்தால், டாக்டரின் பரிந்துரையோடு எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க வழியுண்டு. இந்திய உடல்வாகுக்கு 25-லேயே பருமன் தொடங்கிவிடுகிறது என்றும், சிக்கல்கள் இருந்தால் 32.5-லேயே ஆபரேஷனை யோசிக்கலாம் என்றும் இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009-லேயே சொல்லியிருந்தும், காப்பீட்டின் கோடு மேலைநாட்டு அளவிலேயே நிற்கிறது.

தோற்றத்தை மாற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அதே ஆணையின் இன்னொரு பிரிவு கதவைச் சாத்துகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கு விலக்கு உண்டு. கூடவே ஒரு சிறிய சன்னலும் திறந்திருக்கிறது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தைப் போக்குவதற்கு அந்தச் சிகிச்சை அவசியம் என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று தந்தால் பரிசீலிக்கலாம். நோயாளிகள் பிடித்துக்கொள்ள வேண்டிய வாசகம் இதுதான். மடிப்புக்குள் ஓயாமல் வரும் புண்ணும் கிருமித் தொற்றும், நடக்க முடியாமல் போவதும், வைத்தியம் பார்த்த தேதிகளோடும் புகைப்படங்களோடும் பதிவாகியிருந்தால் வாதாட இடமுண்டு. 'அழகுக்காக' என்ற ஒரு சொல் சீட்டில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது.

இந்தக் கோடு எங்கே போடப்பட வேண்டும் என்ற சண்டை தமிழகத்தில் ஒருமுறை பகிரங்கமாகவே நடந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறை, மார்பகங்களைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் இலவச சிகிச்சை தரும் கிளினிக் ஒன்றைத் தொடங்கியது. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர். அரசு செய்யாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ செய்துகொள்வார்கள் என்பது அவர் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது அழகுக்குச் செலவு எதற்கு என்று பொது சுகாதாரத் துறையில் இருந்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கனத்த மார்பால் தோள்பட்டையும் முதுகும் வலித்து வருகிறவர்களும் உண்டு என்று துறையின் டாக்டர்கள் விளக்கியது இந்தச் சத்தத்தில் அதிகம் காதில் விழவில்லை. ஆலை இயந்திரங்களில் சிக்கிச் சிதைந்த கைகளைச் சரிசெய்வதற்காக 1970-களில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்த துறை அது என்பதும் பலருக்கு நினைவில்லை.

இன்னும் பின்னால் போனால், இதே வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருப்பது தெரியும். சத்தியவேட்டுக்குத் தென்மேற்கே, பாலாற்றங்கரையில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன்களைத் தொடங்கினார். நோய் குணமாகி, கையும் நிமிர்ந்து ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. சப்பை மூக்கும் உதிர்ந்த புருவமும் அவர்களைக் காட்டிக் கொடுத்தன. எனவே மூக்கை எழுப்பும் ஆபரேஷனையும், தலைமுடித் தோலை எடுத்துப் புருவம் வைக்கும் ஆபரேஷனையும் பிராண்டும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். வெறும் கணக்குப் பார்த்தால் புருவம் அழகுதான். அந்த மனிதருக்கோ அது பிழைப்பு.

ஜெர்மனி இதே கேள்விக்குப் படிப்படியாகப் பதில் சொல்லியிருக்கிறது. லிப்பெடீமா பெண்களின் நெடுநாள் முறையீட்டுக்குப் பின், 2019-ல் சுகாதார அமைச்சர் ஜென்ஸ் ஷ்பான் அவர்கள் பக்கம் பேசினார். அரசுக் காப்பீடு எதற்குப் பணம் தர வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டுக் குழு, 2020 ஜனவரி முதல் நோய் முற்றிய மூன்றாம் கட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் லைப்போசக்ஷன் செலவை ஏற்றது. கூடவே, ஆபரேஷன் செய்தவர்களையும் காலுறை போன்ற சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கும் ஏற்பாடு செய்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்ததாக முடிவு வந்தது. 2025 ஜூலையில், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் தகுதி உண்டு என்று குழு தீர்மானித்தது. ஆனால் அதற்கு முன் ஆறு மாத காலுறை வைத்தியம் போன்ற நிபந்தனைகள் உண்டு. அழகா நோயா என்று அவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. வலியை அளந்து பார்த்தார்கள்.

மலிவில் இருக்கும் ஆபத்து

வழி அடைபட்டவர்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். கொழுப்பை எடுக்கிறோம், காலையில் வந்து மாலையில் போகலாம் என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளுக்குப் பஞ்சமில்லை. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது கன்னட நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சையின்போது இறந்தார். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னை புறநகர் மருத்துவமனை ஒன்றுக்கு வந்து உயிர் இழந்தார். 2025-ல் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை எடுக்கப் போன இளம்பெண் கிருமித் தொற்றால் ஒன்பது விரல்களை இழந்தார். 

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற மேல்படிப்பு முடித்தவரா, மயக்க டாக்டர் கூடவே இருப்பாரா, அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் நோயாளியை இரவு ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் நெறி. லிப்பெடீமா கால்களுக்கு ஒரே தடவையில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நோயைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சத்தியவேட்டுப் பெண்ணுக்கு இத்தனைக்கும் மேல் ஒரு கோடு குறுக்கே கிடக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை அவளுடைய ஊர் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பட்டாஸ்கர் பரிந்துரைத்த எல்லைப் பரிமாற்றத்தில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, இந்தப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். சென்னையின் அரசு ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் அவளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தமிழக ரேஷன் கார்டுக்காரர்களுக்கே. ஆந்திர அரசின் ஆரோக்யஸ்ரீ திட்டம் 2019 நவம்பரில் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்காகச் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் மருத்துவமனைகளுக்கு விரிந்தது. எந்தத் திட்டமானாலும் பட்டியலில் பெயர் உள்ள நோய்க்குத்தான் பணம்.

அதனால் அவள் முதலில் கேட்டுப் பெற வேண்டியது ஆபரேஷனை அல்ல. நோயின் பெயரை. இரு காலும் ஒரே மாதிரியா, பாதம் மெலிந்திருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா, சும்மா இடித்தாலும் கன்றுகிறதா, பட்டினி கிடந்தும் கால் இளைக்கவில்லையா, அம்மாவுக்கும் இப்படி இருந்ததா? இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனால், யானைக்காலும் சாப்பாட்டு உடம்பும் தவிர மூன்றாவதாக ஒன்றை அவர் யோசித்தே ஆக வேண்டும். பெயர் சீட்டில் ஏறிய பிறகு காலுறைக்கும், நீவல் சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் சர்ஜனுக்கும் வழி பிறக்கும். காப்பீட்டுக்காரரிடம் வாதாட ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

அன்றைக்கே கால் சிறுத்துவிடாது. ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரு பாரம் குறைந்திருக்கும். திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்று இனி யாரும் அவளைச் சொல்ல முடியாது.